நூறு யென் கடையும் நான் சொன்ன ஒரு பொய்யும்

2012ஆம் ஆண்டு பத்திரிகையாளர் கருத்தரங்கு ஒன்றிற்காக டோக்கியோ சென்றிருந்தேன். திரும்புவதற்கு முதல்நாள் என் கையில் எஞ்சியிருந்தது ஏழாயிரம் யென் மட்டுமே. ஆசிரிய பீடத்தில் பதினாறு பேர். வீட்டிலும் உறவிலும் இன்னும் பத்துப் பேர். வெளிநாடு சென்றவர் வெறுங்கையுடன் திரும்புவது நம்மவர் வழக்கமல்லவே.

அங்கு வசிக்கும் எம்மூர் நண்பர் ஒருவர் என்னை நூறு யென் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். "அண்ணை, விலையைப் பாக்காதேங்கோ. திருப்பி அடியைப் பாருங்கோ" என்றார். பல பொருட்கள் சீனத் தயாரிப்புகள். ஜப்பானில் செய்யப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்த உணவுக் குச்சிகள், கைத்துணிகள், பிடியில்லாத பீங்கான் தேநீர்க் கோப்பைகள் ஆகியவற்றையே தேடி எடுத்தோம். வரியுடன் ஒன்று 105 யென். இருபத்தாறு பொருட்களுக்கு 2,730 யென்.

கொழும்பு திரும்பியதும், கோப்பையைப் பெற்றுக்கொண்ட மூத்த சகபாடி ஒருவர் அதன் விலையைக் கேட்டார். "ஆயிரம் யென் இருக்கும்" என்றேன். அந்தப் பொய் நெடுநாள் உறுத்தியது. பின்னர் இத்தகைய கடைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், நான் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பது புரிந்தது.

பயணம் சென்றவர் ஊராருக்குக் கொண்டுவரும் பொருளை ஜப்பானியர் 'ஒமியாகே' என்பர். எடோ காலத்தில் (1603-1868) இசே ஆலயத்திற்கு யாத்திரை செல்வது பெரும் பேறாகக் கருதப்பட்டது. ஏழை விவசாயியால் அச்செலவைத் தனியே தாங்க முடியாது. எனவே கிராமத்தார் 'கோ' என்னும் சங்கம் அமைத்து, நம்மவர் சீட்டுப் பிடிப்பதைப் போலப் பணம் சேர்த்து, குலுக்கலில் தெரிவானவரை அனுப்பினர். எல்லோருடைய காசிலும் சென்றவர் எல்லோருக்கும் ஏதேனும் கொண்டுவரக் கடமைப்பட்டவரானார். நெடுவழியை நடந்தே கடக்க வேண்டியிருந்ததால் சுமையும் சிறிதாக இருக்கவேண்டும். ஆலயத்தின் காப்புச் சீட்டும் நாட்காட்டியும் அவ்வாறே ஊர் வந்து சேர்ந்தன. பொருள் சிறிது, பெறுவோர் பலர் என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை.

ஒரே விலைக் கடையும் புதியதன்று. எடோ நகரில் எதை எடுத்தாலும் 19 மோன் என்று விற்ற கடைகள் இருந்தன. 1930களில் தகாஷிமாயா நிறுவனத்தின் பத்து சென் கடைகள் ஒசாகாவிலிருந்து பல நகரங்களுக்குப் பரவின.

1972இல் யானோ ஹிரோதாகே என்பவர் ஹிரோஷிமாப் பகுதியில் லொறியில் பொருட்களைக் கொண்டுசென்று விற்கத் தொடங்கினார். விலைச்சீட்டு ஒட்ட நேரமின்றி, கேட்டவர்களுக்கெல்லாம் "நூறு யென்" என்று சொன்னதே பின்னர் அவரது வணிக முறையாயிற்று. ஒருநாள், மலிவுப் பொருளை வாங்கினால் காசுதான் நட்டம் என்று பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டு வாங்காமல் சென்றது அவர் காதில் விழுந்தது. அச்சொல் அவரைச் சுட்டது. இலாபத்தைக் குறைத்துத் தரத்தை உயர்த்தினார். 1977இல் அவர் நிறுவிய 'டைசோ' இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர். யானோ 2024இல் காலமானார்.

யசுதா தகாவோவின் கதையும் இத்தகையதே. 1978இல் டோக்கியோவில் பதினெட்டு சுபோ, அதாவது ஏறத்தாழ அறுபது சதுர மீற்றர், அளவிலான சிறு கடையில் அவர் கழிவுப் பொருட்களை விற்றார். இரவில் அவர் பொருட்களை அடுக்கியபோது, கடை திறந்திருப்பதாக எண்ணி மக்கள் உள்ளே வந்தனர். இரவு வணிகத்தின் பயனை அவர் அறிந்தது அவ்வாறே. 1989இல் திறந்த 'டொன் கிஹோத்தே' கடைகளில்தான் இன்று பயணிகள் பலர் நள்ளிரவிலும் இனிப்புப் பெட்டிகளை அள்ளுகின்றனர்.

அதே 1989இல் 3 வீதமாக அறிமுகமான நுகர்வு வரி 1997இல் 5, 2014இல் 8, 2019இல் 10 வீதமாயிற்று. நான் 105 யென்னுக்கு வாங்கியது போன்ற பொருளுக்கு இப்போது 110 யென். உணவுப் பொருட்களுக்கு வரி 8 வீதமே. ஆகவே பலருக்குக் கொடுக்க இனிப்பே சிக்கனம்.

அண்மையில் அந்த மூத்த சகபாடியைச் சந்தித்தபோது உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கோப்பை இன்னும் உடையேல்லை, தம்பி" என்றார்.