பி.எட். பட்டமும் பதினாறு வாரப் பயிற்சியும்: ஆசிரியராக விரும்பும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

நம் சமுதாயத்தில் பட்டம் முடித்த பெண்பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் பி.எட். பெற்றோருக்கும் அதில் மனநிறைவு இருக்கிறது. மதிப்பான வேலை, மாலையில் வீடு திரும்பலாம், எந்த ஊருக்குப் போனாலும் கைகொடுக்கும் படிப்பு. ஆனால் சேர்கிறவர்கள் எல்லோரும் நல்ல ஆசிரியராக வெளியே வருவதில்லை. சிலர் பாதியில் நிற்கிறார்கள். சிலர் பட்டத்தோடு வந்தும் ஒரு வகுப்பின் முன் பத்து நிமிடம் நிற்கத் தடுமாறுகிறார்கள். இரண்டு இடறலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நேர்கிறது: பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சியில்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்து இக்கட்டுரையைத் தருகிறோம். கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் அல்ல. தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற நம் மேட்டுப்பாளையம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறீர்கள்?

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இதுதான். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக பி.எட். தகுதி ஆகாது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விருப்பம் என்றால், பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் உங்கள் வழி. 6 முதல் 10 வரை நடத்தப் பட்டத்தோடு பி.எட். வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு முதுநிலைப் பட்டமும் சேர்ந்து வேண்டும். இதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டு, பிறகு தொடக்கப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

அடுத்தது கல்லூரி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழக இணைவும் இருக்க வேண்டும். புதுச்சேரிக் கல்லூரிகள் என்றால் புதுவைப் பல்கலைக்கழகம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் சேர்ந்தால் 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் பாடத்திட்டம், தேர்வு முறை வேறு. இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் 50 சதவீதம் என்பது பொது விதி. பொறியியல் பட்டதாரிகளுக்கு 55 சதவீதம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உள்ள சலுகையை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் கணக்கு

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் அளித்த அறிக்கைக்குப் பிறகு விதிகள் மாறின. 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம்.

ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புகளுக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கோ 90 சதவீதம். இதைக் குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் 5 நாள் என்று வைத்தால் 16 வாரத்துக்கு 80 நாள். அதில் 72 நாள் பள்ளியில் இருந்தாக வேண்டும். விடுப்புக்கு மிஞ்சுவது 8 நாள் மட்டுமே. காய்ச்சல், வீட்டு விசேஷம், மௌத்து எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும்.

நம் வீடுகளில் திருமண நாளைக் குறிக்கும்போது இந்த 16 வாரத்தை யாரும் கேட்பதில்லை. நிக்காஹ் முடிந்து விருந்து, மறுவீடு என்று இரண்டு வாரம் போனால் வருகை கைவிட்டுப் போகும். அந்தப் பயிற்சியைப் பிறகு மீண்டும் செய்ய வேண்டிவரும். சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்றாண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பதும் விதி. எனவே பயிற்சி எந்த மாதம் தொடங்குகிறது என்பதைக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள் மருத்துவரிடம் பேசிவிட்டு, எந்தப் பருவத்தில் பயிற்சி செய்வது என்பதைக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்பது நல்லது.

“கல்லூரிக்கு வரவே வேண்டாம், பட்டம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்” என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். அது விதிமீறல் என்பது ஒன்று. அதைவிடப் பெரிது, நாற்பது பிள்ளைகளின் படிப்பு உங்கள் கையில் அமானிதமாக வரப்போகிறது. பழகாத கையில் அதை வாங்கக் கூடாது.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளோ சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. முன்பே தொடங்கிய மாற்றம் 2023-24, 2024-25 கல்வியாண்டுகளில் மேல் வகுப்புகளையும் எட்டியது. ஆகவே இன்று பி.எட். படிக்கும் பிள்ளை, தான் பள்ளியில் படிக்காத புத்தகத்தை நடத்த வேண்டிய நிலை வரலாம். தமிழ்வழியில் படித்தவர் அறிவியலை ஆங்கிலத்தில் விளக்க வேண்டியும் வரலாம்.

பயிற்சிப் பள்ளி எதுவென்று தெரிந்த அன்றே அந்த வகுப்புகளின் புத்தகங்களைத் தேடிக்கொள்ளுங்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நடத்தப் போகும் பாடங்களின் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணப் பிழை வந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். கருத்துப் பிழை தேர்வுத் தாள் வரை போகும்.

நுண்ணிலைக் கற்பித்தலைச் சடங்காக்காதீர்கள்

பள்ளிக்கு அனுப்பும் முன் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. ஒரு நேரத்தில் ஒரு திறன் மட்டும்: பாடம் தொடங்குதல், வினா கேட்டல், விளக்குதல், எடுத்துக்காட்டுத் தருதல், கரும்பலகையில் எழுதுதல், முடித்தல். நம் நாட்டில் வழங்கும் சுழற்சிக்கு 36 நிமிடம். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் குறை நிறை கேட்டல், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி கருத்துக் கேட்டல்.

இதில் உயிர் இருப்பது இரண்டாவது முறை நடத்துவதில். பலர் முதல் ஆறு நிமிடத்தை முடித்ததும் ரெக்கார்டு நோட்டை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், தோழி ஒருத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்து உங்களைப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பலகையைப் பார்த்தே பேசுகிறீர்களா, கடைசி வரிசைக்குக் குரல் போகிறதா, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். பார்த்து முடித்ததும் அழித்துவிடலாம்.

வினா கேட்பதில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, வினா கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். செலவில்லாத கற்பித்தல் கருவி இது.

பள்ளியில் முதல் வாரம்

முதல் வாரம் உற்றுநோக்கலுக்கு. அதை ஓய்வு வாரமாக எண்ண வேண்டாம். உங்கள் வழிகாட்டி ஆசிரியர் வகுப்பை எப்படித் தொடங்குகிறார், சலசலப்பு வரும்போது என்ன செய்கிறார், வீட்டுப்பாடம் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர்களை அந்த வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். “ஏய், நீதான்” என்பதற்கும் “ரமேஷ், நீ சொல்லுப்பா” என்பதற்கும் வகுப்பு காட்டும் மரியாதையே வேறு.

வழிகாட்டி ஆசிரியருக்கு உங்கள் வருகை கூடுதல் வேலை. அவர் முடிக்க வேண்டிய பாடப்பகுதி இருக்கிறது; தேர்வு இருக்கிறது. பாடத் திட்டத்தைக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகக் காட்டுங்கள். அவர் திருத்தியதைத் திருத்தியே நடத்துங்கள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறையும் அவர் முறையும் மோதினால் வகுப்பில் வாதம் வேண்டாம்; ஆசிரியர் அறையில் பணிவாகக் கேளுங்கள்.

வகுப்பு அடங்கவில்லை என்றால் கை நீளக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பயிற்சி ஆசிரியர் என்பதால் உங்களுக்கு விலக்கு இல்லை. பெரும்பாலான சலசலப்பு, ஆசிரியர் அடுத்து என்ன செய்வதென்று தேடும் அரை நிமிடத்தில்தான் பிறக்கிறது. சார்ட், வினாத்தாள், பலகை வேலை எல்லாவற்றையும் மணி அடிக்கும் முன் எடுத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஜும்ஆ நேரம், ரமலான் நோன்பு நாட்கள் போன்றவற்றை முதல் நாளே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கால அட்டவணை போடும் முன் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். பாடவேளை தொடங்கிய பிறகு கேட்டால் சங்கடம். நோன்பு நாட்களில் முடிந்தால் காலைப் பாடவேளைகளைக் கேட்டு வாங்குங்கள். பிற்பகலில் குரல் வறண்டுவிடும்.

எழுத்து வேலை மலையாகாமல் இருக்க

பாடத் திட்டங்கள், உற்றுநோக்கல் பதிவேடு, அடைவுத் தேர்வு, குறையறி தேர்வு, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி, துணைக்கருவிகள் என்று பதிவேடுகள் வரிசையாக நிற்கும். கடைசி வாரத்தில் இரவெல்லாம் விழித்து எழுதுவதும், சீனியரின் நோட்டைப் பார்த்து நகலெடுப்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டாலே அது தெரிந்துவிடும்.

எளிய வழி இது. நடத்திய பாடத்துக்கு அன்றே தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் “இன்று எது புரியவில்லை, யாருக்குப் புரியவில்லை” என்று ஐந்து வரி எழுதுங்கள். அடைவுத் தேர்வை ஆறாவது வாரத்துக்குள் வைத்துவிட்டால், எங்கே குறை என்று பார்த்துக் குறைதீர் கற்பித்தல் செய்ய நேரம் இருக்கும். அந்த ஐந்து வரிக் குறிப்புகளே செயலாராய்ச்சிக்குத் தலைப்பைத் தந்துவிடும். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டலில் பாதிப் பேர் தடுமாறினால், அதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு வேண்டியதில்லை.

தகுதித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்

1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்திய தகுதித் தேர்வில் 6 முதல் 8 வகுப்புக்கு உரியது இரண்டாம் தாள்: 150 வினா, 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேர்ச்சிக்குப் பொதுவாக 60 சதவீதம், அதாவது 90. மொழித் தாளாகத் தமிழையும் எடுக்கலாம். சான்றிதழ் முன்பு ஏழாண்டுக்குத்தான் செல்லும். 2021-இல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றப்பட்டது. படிக்கும்போதே எழுதலாம். குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறை பற்றிய 30 வினாக்கள் நீங்கள் பி.எட்.டில் படிக்கும் பாடம்தான். சூட்டோடு சூடாக எழுதிவிடுவது மேல்.

“நாங்கள் சிறுபான்மைப் பள்ளியில்தான் வேலை பார்ப்போம், தகுதித் தேர்வு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று கூறியது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பில், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு தேவை என்று கூறிய நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த பழைய நிலைப்பாட்டைப் பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்றும் அனுப்பியது. அந்தக் கதவு நாளை எப்படித் திறக்குமோ, மூடுமோ, கையில் சான்றிதழ் இருப்பவருக்குக் கவலை இல்லை.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

கல்விக் கட்டணத்துக்கு உதவும் நல்லுள்ளங்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பயிற்சிக் காலத்துச் சில்லறைச் செலவு பலர் கண்ணில் படுவதில்லை. தினமும் பேருந்து, சார்ட், நகல், பதிவேடுகள் என்று 16 வாரமும் பணம் கரையும். மேட்டுப்பாளையத்திலிருந்து வில்லியனூர்ப் பக்கமோ எல்லை தாண்டியோ போய்வர வேண்டிய பிள்ளைக்கு அது பாரம்தான். கட்டணத்தோடு இதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை இந்தப் பிள்ளைகளின் பாடத் திட்டத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால், அது எந்த நிதியுதவிக்கும் குறைந்ததல்ல.

வீட்டில் இருப்பவர்களும் அந்த 16 வாரம் அடுப்படிப் பொறுப்பில் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளுங்கள். விடியற்காலை சமைத்துவிட்டு ஓடி, இரவு பதினொரு மணிக்குப் பாடத் திட்டம் எழுதும் மகளால், மருமகளால் மறுநாள் வகுப்பில் மலர்ந்த முகத்தோடு நிற்க முடியாது. அவள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும் நம் பிள்ளைகள்தான்.