சுசீந்திரம்: கோயிலும் குளமும் கதிரும்

சுசீந்திரம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், பழையாற்றங்கரையில் அமைந்த கோயிலூர். தாணுமாலயன் கோயிலுக்காக வருகிறவர்கள் பறவைகளைப் பார்ப்பதில்லை; பறவைகளுக்காக வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குள் போவதில்லை. நீர், நெல், விழா, கலை ஆகிய நான்கும் ஒரே ஊர்ப்பொறுப்பாக நடந்துவந்த இடம் இது என்பதால் அந்தப் பிரிவு வருத்தம் தருகிறது. கலையையும் சூழலையும் வாழ்முறையையும் அந்தந்த மண்ணோடு இணைக்கும் சமூக முயற்சிகளை இன்று உலகெங்கும் புதிதாகத் தொடங்குகிறார்கள். பிரிட்டனில் 1980களில் உருவான ‘காமன் கிரவுண்ட்’ அமைப்பு, தங்களுக்கு அருமையான மரங்களையும் பாதைகளையும் நீர்நிலைகளையும் ஊரார் தாங்களே படமாக வரையும்படி தூண்டியது. சுசீந்திரத்தில் அப்படியோர் ஊர்ப்படம் கல்லிலும் சடங்கிலும் முன்னமே இருக்கிறது.

சுசீந்திரம் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தது. நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். நாஞ்சில் நாட்டை நெல் நாடாக்கியது மழை மட்டுமல்ல. நீரைத் திருப்பத் தெரிந்த கைகளும்தான். பரளியாற்றின் குறுக்கே உள்ள பாண்டியன் அணை பாண்டிய மன்னர் காலத்தது என்பது மரபு. அங்கிருந்து வெட்டிய கால்வாய் அந்த ஆற்று நீரைப் பழையாற்றுக்குக் கொண்டுவந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசு பொறியாளர் மிஞ்சினைக் கொண்டு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906இல் முடித்தது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தை நிரப்ப, மிஞ்சிய நீர் பழையாற்றோடு மணக்குடிக் காயலில் சேரும். ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகளில் பசுங்குளம், பெருங்குளம் முதலிய குளப்பெயர்கள் வருகின்றன. ஆகவே இப்பகுதியின் குளங்களை இயற்கையின் கொடை என்று மட்டும் சொல்வது, மண் சுமந்து கரை போட்டவர்களின் உழைப்பை மறைத்துவிடும். பறவைகள் வந்து தங்கியது மனிதர் வெட்டிய நீரில்தான்.

அந்த நீரில் இரண்டு பூ நெல் விளைந்தது: கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னி மாதத்திலும் கும்ப மாதத்திலும் அறுவடையாவதால் வந்த பெயர்கள் இவை. ஆடி மாதத்தில் கோயிலில் நடக்கும் நிறைபுத்தரிசிப் பூசைதான் இவ்வூரின் வாழ்வை மிகச் சுருக்கமாகச் சொல்லும் சடங்கு என்று தோன்றுகிறது. புதுக்கதிரைக் கட்டாகக் கொண்டுவந்து இறைவன்முன் வைத்துப் பூசித்து, வந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதை வீட்டு வாசலிலும் பூசையறையிலும் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆண்டு புதுக்கதிர் வரும்வரை அது அங்கேயே இருக்கும். வயல் விளைந்தால்தான் இந்தச் சடங்குக்குக் கதிர் கிடைக்கும்; குளம் நிறைந்தால்தான் வயல் விளையும். இதைவிடத் தெளிவான சூழல் பாடத்தை எந்தப் பயிலரங்கும் தந்துவிட முடியாது.

கோயிலின் கதையே ஒரு மரத்தடியில் தொடங்குகிறது. இவ்விடத்துக்கு ஞானாரண்யம் என்ற பழம்பெயரைத் தலபுராணம் சொல்கிறது. ஆரண்யம் என்றால் காடு. தலமரமான கொன்றையடியில் உள்ள சன்னதியையே கோயிலின் ஆதி இடமாகக் கருதுகிறார்கள். ஏழுநிலைக் கோபுரம் 134 அடி உயரம்; அதன் உட்சுவர்களில் புராணக் காட்சிகள் ஓவியங்களாக உள்ளன. அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண் தொகுதிகள் நான்கு நிற்கின்றன. இந்தக் கல்வேலைக்காக வந்து தங்கியவர்களின் வழிவந்தவர்களே அருகிலுள்ள மயிலாடியின் சிற்பிகள் என்று ஊரில் சொல்வார்கள். மயிலாடியில் இன்றும் உளிச்சத்தம் கேட்கிறது. கோயில் பழையது, கைவினை உயிருள்ளது: இந்தச் சேர்க்கை எல்லாக் கோயிலூர்களுக்கும் வாய்ப்பதில்லை.

மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு நடக்கும். கோட்டாறு விநாயகரும் வேளிமலை, மருங்கூர் முருகன்மாரும் பெற்றோரைப் பார்க்கப் பல்லக்கிலும் வாகனத்திலும் சுசீந்திரம் வருகிறார்கள். மலையடியும் சந்தையூரும் வயல்நாடும் ஒரே குடும்பம் என்று அந்த ஊர்வலம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. கோயிலுக்கு வெளியே, அம்மன், சுடலைமாடன் கொடை விழாக்களில் இரவு முழுதும் வில்லுப்பாட்டு நடக்கும். இது நாஞ்சில் நாட்டில் வேரூன்றி வளர்ந்த கலை. நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இதே வில்லில் காந்தியின் கதையைப் பாடி நகர மேடைகளுக்குக் கொண்டுபோனார். சாமிகதை சொன்ன வில்லு பொதுக்காரியமும் பேசும் என்பதை அன்றே அது காட்டிவிட்டது. குளத்தின் கதையைப் பாட வேறொரு கலையைத் தேட வேண்டியதில்லை.

பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக எழுதிவிட முடியாது. நாற்று நட்டவர்களும் கரை போட்டவர்களும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே தடை இருந்தது. வைக்கத்தில் நடந்த தெருநுழைவுப் போராட்டத்தைத் தொடர்ந்து 1926இல் சுசீந்திரத்திலும் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மருத்துவர் எம்.இ.நாயுடு அதை முன்னின்று நடத்தினார். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகே கோயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. ‘ஊர்’ என்ற சொல் உண்மையிலேயே ஊர் முழுவதையும் குறிக்கத் தொடங்கி இன்னும் 100 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

கோயில் நிருவாகம் ஊர்ச் சபையிடமும் பின்னர் யோகக்காரர் எனப்பட்ட நம்பூதிரிகளிடமும் இருந்தது. 1811இல் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது திருவிதாங்கூர் அரசு பெருங்கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் தன் பொறுப்பில் எடுத்தது. நீர் ஒரு துறைக்கு, நிலம் இன்னொரு துறைக்கு, விழா வேறொன்றுக்கு எனப் பொறுப்புகள் பிரிந்ததன் தொடக்கம் அங்கேதான். கணக்குகள் ஒழுங்காகியிருக்கலாம்; ஆனால் மடையடைப்பதும் கரை பார்ப்பதும் தன் வேலை என்று நினைத்த ஊரார் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அதன்பின் நெல்வயல்கள் தென்னைக்கும் வாழைக்கும் மாறின, பிறகு வீட்டுமனைகளாயின. சுசீந்திரம் குளத்தை ஒட்டியே நெடுஞ்சாலை ஓடுகிறது.

சுசீந்திரத்தை அடுத்த தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். குழந்தைகளுக்காக எளிய பாட்டுகள் எழுதிய அவர், நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளையும் ஓலைகளையும் தேடிப் படித்த ஆய்வாளரும்கூட. ஊரின் பாட்டையும் ஊரின் ஆவணத்தையும் ஒரே மனிதர் சுமந்தார். கே.கே.பிள்ளை சுசீந்திரம் கோயிலின் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். அ.கா.பெருமாள் கோயில் வரலாற்றோடு வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து போன்ற நிகழ்கலைகளையும் பதிவு செய்தார். ஊர் தன்னை அறிந்துகொள்ள இவர்களின் நூல்கள் இன்று பெரிதும் துணை.

குளங்களைக் காக்க ஒரு சட்டவழியும் பிறந்தது: 2002ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத் திருத்தம் ‘காப்பு ஒதுக்கிடம்’ என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை, அருகில் வாழும் மக்களைக் கலந்தே இப்படி அறிவிக்க முடியும். நிருவாகக் குழுவில் ஊராட்சிகளுக்கும் இடம் உண்டு. இந்தியாவில் முதன்முதலில் 2005இல் இந்த நிலை பெற்றது திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர். அங்கே நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்களில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை ஊராரே காத்துவந்தார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. 2015இல் சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி காப்பு ஒதுக்கிடம் 4.84 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. நன்னீர்க் குளத்தையும் காயலையும் ஒரே காப்பில் சேர்த்தது இதன் சிறப்பு. மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்த 2004 ஆழிப்பேரலையைக் கண்டவர்களுக்குக் காயலோர அலையாத்தி மரங்களின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 94.23 ஹெக்டேருடன், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. அந்த அறிவிப்போடு இந்தியாவின் ராம்சர் தலங்கள் 75 ஆயின.

வாழ்முறை சார்ந்த பயிற்சிக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. ஏக்நாத் ரானடே 1972இல் நிறுவிய விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள அபிவிருத்தித் திட்டம், சாண எரிவாயு, சமையலறைக் கழிவு எரிவாயு, அசோலா வளர்ப்பு, செலவு குறைந்த கட்டடமுறை, வர்ம மருத்துவம் ஆகியவற்றைக் கன்னியாகுமரியில் கற்பித்துவருகிறது. குளக்கரையில் பறவைக் கணக்கெடுப்பும் மாணவர்களுக்கான பறவை நோக்கலும் நடக்கின்றன. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி எனப் பிள்ளைகள் பெயர் சொல்லப் பழகுகிறார்கள். ஆனால் எரிவாயுப் பயிற்சிக்கு வருகிறவரும், பறவை எண்ணுகிறவரும், வில்லடிக்கிறவரும், நிறைபுத்தரிசிக்குக் கதிர் அறுக்கிறவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் நாள் இன்னும் வரவில்லை.

மார்கழித் தேரோட்டத்துக்கு மக்கள் திரளும் நாள்களில்தான் வலசைப் பறவைகளும் குளத்தில் இருக்கின்றன. வடம் பிடித்து முடித்தவர்கள் குளக்கரைக்கு நடந்து போக அதிக நேரம் ஆகாது.