பொன்னுக்குவீங்கியும் ஃப்ரேயின் பெயரும்

காதடியில் கன்னம் வீங்கும் நோயைத் தமிழர் பொன்னுக்குவீங்கி என்பர். வீங்கிய கழுத்தில் பொற்சங்கிலி அணிவிக்கும் வழக்கமும் உண்டு. கன்னடர் அதனை மங்கனபாவு, அதாவது குரங்கு வீக்கம், என்பர். இரு மொழிகளும் புழங்கும் பெங்களூருவில் இவ்விரு பெயர்களும் ஒரே உறுப்பின் வீக்கத்தையே சுட்டுகின்றன. அது பரோட்டிட் எனப்படும் மேலண்ண உமிழ்நீர்ச் சுரப்பி. தொற்றால் வரும் அவ்வீக்கம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அதே சுரப்பியில் கட்டி வளர்ந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதன் பின்விளைவு ஒன்றுக்கு வழங்கும் பெயர் ஒரு பெண் மருத்துவருடையது.

1660இல் ஆம்ஸ்டர்டாமில் மாணவராக இருந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ, ஆட்டுத்தலை ஒன்றை அறுத்து ஆராய்கையில் இச்சுரப்பியின் நாளத்தைக் கண்டறிந்தார். ஆனால் அறுவை மருத்துவரின் கவலை நாளம் அன்று. சுரப்பியின் ஊடே கிளைவிட்டுச் செல்லும் முகநரம்பு. அதனைக் காத்துக்கொண்டே கட்டியை அகற்ற வேண்டும். நரம்பு அறுபடாதபோதும் சிலருக்குச் சில வாரங்கள் இதழ் கோணலாம். இமை முழுதும் மூடாதிருக்கலாம். காதுமடல் மரத்துப்போவது பொதுவானது. பிற சுரப்பிகள் இருப்பதால் வாய் பெரும்பாலும் வறள்வதில்லை.

மாதங்கள் கழிந்தபின் சிலருக்கு உண்ணும்போது கன்னம் சிவந்து வியர்க்கும். இத்தகைய வியர்வையை முன்னரே சிலர் பதிவு செய்திருந்தனர். ஆயினும் 1923இல் வார்சாவில் பணியாற்றிய நரம்பியலாளர் லூட்சியா ஃப்ரே, தாடையருகே குண்டடி பட்ட போர்வீரர் ஒருவரை ஆராய்ந்து, செவிமுன் ஓடும் நரம்பொன்றே இதற்குக் காரணம் என நிறுவினார். உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் நரம்பிழைகள் அறுபட்டபின் வழிதவறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளைச் சென்றடைகின்றன என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின. உணவின் சுவை எச்சிலைத் தூண்டுவதற்கு மாறாக வியர்வையைத் தூண்டுகிறது. மாவும் அயோடினும் தடவிச் சோதித்தால் வியர்க்கும் இடம் கருநீலமாகும். தொல்லை மிகுந்தால் போட்டுலினம் ஊசி பயன்தரும்.

யூதரான ஃப்ரே பின்னர்த் தம் பிறந்த ஊரான லுவூவுக்குத் திரும்பினார். நாஜி ஆக்கிரமிப்பில் அந்நகரின் யூதர் அடைப்புப் பகுதியில் மருத்துவப் பணியாற்றிய அவர், 1942இல் கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது.

பெங்களூருவிலும் பிற ஊர்களிலும் அறுவைக்குப் பின் கைக்குட்டையால் கன்னத்தைத் துடைக்கும் நோயாளியின் குறிப்பேட்டில் ‘ஃப்ரே நோய்க்குறி’ என்றே எழுதப்படுகிறது. பொன்னுக்குவீங்கியும் மங்கனபாவும் ஊரார் வாயில் பிறந்த பெயர்கள். இப்பெயரோ பிறந்த ஆண்டும் கொல்லப்பட்ட ஆண்டும் உடைய ஒருவருடையது. மருத்துவக் கலைச்சொல்லுக்குப் பொருள் எழுதுவோர் அவரையும் சேர்த்தே எழுத வேண்டும்.