பாலாற்றங்கரையில் மஞ்சள் நீர்

சித்தூர் நகரை ஒட்டி ஓடும் நீவா நதியை அங்கே வாழும் நம்மவர் நன்கு அறிவர். அதுவே தெற்கே வந்து பொன்னையாறு எனப் பெயர் பெறுகிறது. முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காகக் கோயில் எடுத்த மேல்பாடியைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. 1911 வரை சித்தூரே வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராக இருந்தது. பின்னர் எல்லைகள் மாறின. ஆறு மட்டும் பழைய வழியிலேயே செல்கிறது.

அந்தக் கலப்புக்குக் கீழே, பாலாற்றின் வடகரையில் இருப்பது இராணிப்பேட்டை. செஞ்சி தேசிங்கு ராஜனின் மனைவியை நினைந்து எழுந்த ஊர் என்பது வழக்கு. தொழில் அங்கே நேற்று வந்ததன்று. சூப்பர் பாஸ்பேட் உரம் இந்தியாவில் முதன்முதலாக உற்பத்தியானது 1906-இல், அவ்வூரில் பாரி கம்பெனியார் நிறுவிய ஆலையில்தான். தோல் பதனிடும் தொழிலும் ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கிப் பாலாற்று வழி முழுவதும் பரவியது. பதனிடுவதற்குக் குரோமிய உப்பு வேண்டும். அதைச் செய்யவே 1970களில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை ஏற்பட்டது.

குரோமியத் தாதுவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்து உலையில் வறுத்து, வந்ததை நீரில் கரைத்து உப்பை எடுப்பார்கள். எஞ்சும் கசடு மக்கிப் போகும் பொருளன்று. அதில் தங்கிய ஆறிணைய குரோமியம் மழை நீரில் எளிதில் கரையும். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கசடோ அங்கேயே குவிந்து கிடந்தது. கதவைப் பூட்டினால் ஆலை நிற்கும், மழை நிற்குமா? ஒவ்வொரு பருவத்திலும் நஞ்சு மண்ணுக்குள் இறங்கியது. கிணற்று நீர் மஞ்சளாயிற்று. 2006-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் உலகில் மிக மாசுற்ற பத்து இடங்களுள் ஒன்றாக இராணிப்பேட்டையைக் குறித்தது.

ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். இவ்வாராய்ச்சியின் முறை எளிதுபோல் தோன்றும். சுற்றிலும் ஆழ்துளைகள் இட்டு, நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளப்பர். மூன்று துளைகளின் மட்டம் தெரிந்தால் நீர் எத்திசை நோக்கி நகர்கிறது என்பது கணக்கில் புலப்படும். பிறகு தேங்கிய நீரை இறைத்து ஊற்றிவிட்டு, புதிதாக ஊறுவதையே புட்டியில் பிடிப்பர். தேங்கிய நீர் பொய் சொல்லும் என்பதே காரணம். ஆனால் அப்பகுதி கருங்கல் நிலம். நீர் மேலுள்ள சிதைந்த பாறையிலும் கீழுள்ள வெடிப்புகளிலும் ஓடுவதால், ஒரு கிணறு கெட்டிருக்க அடுத்தது நன்றாயிருப்பதும் உண்டு. ஆகவே ஒரு துளையை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுதோறும் பல துளைகளை அளந்தாக வேண்டும்.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு சிறு அளவைக் கண் காணாது. நீர் மஞ்சளாகும்போது வரம்பு எப்போதோ கடந்துவிட்டது. நிறத்தை நம்பி நெடுங்காலம் இருந்துவிட்டோம் என்றே நாம் எண்ணுகிறோம்.

தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அதனால்தான். இழப்பீட்டைக் கணிக்க ஓர் அதிகார அமைப்பும் அவ்வாண்டே ஏற்பட்டது. பின்னரும் பாலாறு கோர்ட்டு வாசலை விட்டபாடில்லை. 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை எழுத நேர்ந்தது. கோடையில் பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டும் குடியானவர், தம் மண்வெட்டிக்கு அடியில் ஊறும் நீர் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்பதை அந்த அளவைத் துளைகளின் கணக்கைக் கொண்டுதான் அறிய முடியும்.