எஞ்சிய நான்கு காலனிகள்: டி.என்.ஏ. செப்பனிடல் வரலாற்றில் ஒரு பக்கம்

உயிரின் மரபுச் செய்தி டி.என்.ஏ. மூலக்கூற்றில் பொதிந்துள்ளது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அம்மூலக்கூறு இடையறாது சிதைவுறுகிறது என்பதும், அதனைச் செப்பனிடும் புரதங்கள் உயிரணுவுக்குள்ளேயே உள்ளன என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அவ்வுண்மை புலப்பட்ட வரலாற்றில் ஒரு பிழைக்கும் பங்குண்டு.

1944ஆம் ஆண்டுக் கோடையில், ஈவ்லின் விட்கின் என்னும் 23 வயது ஆய்வு மாணவி, நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்திற்குச் சென்றார். எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவில் திடீர்மாற்றங்களை உண்டாக்குவதே அவருடைய பணி. பழக்கமின்மையால் புறஊதாக் கதிரை அளவுக்கு மீறிப் பாய்ச்சிவிட்டார். ஏறத்தாழ அனைத்தும் மடிந்தன. நான்கு காலனிகளே எஞ்சின. தட்டை எறிந்துவிட்டு, கதிரைக் குறைத்து மீண்டும் தொடங்கியிருக்கலாம். அவரோ, அந்நான்கும் ஏன் பிழைத்தன என்று வினவினார். மூல வகை, கதிர் பட்டதும் இரண்டாகப் பிரியாமல் இழைபோல் நீண்டு மடிந்தது. பிழைத்த வகையோ பிரிந்து பெருகியது. சிதைவுக்கும் உயிரணுப் பிரிவுக்கும் தொடர்புண்டு என்பதற்கு இதுவே முதற்குறிப்பாயிற்று.

அடுத்த இருபதாண்டுகளில் விடைகள் ஒவ்வொன்றாகக் கிட்டின. புறஊதாக் கதிரால் வாடிய பாக்டீரியா கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் மீள்வதை 1949இல் ஆல்பர்ட் கெல்னர் வெளியிட்டார். கதிர், அடுத்தடுத்துள்ள இரு தைமின்களைப் பிணைத்துவிடுகிறது. அப்பகுதியை உயிரணு வெட்டி அகற்றுகிறது என்பதை 1964இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின.

வெட்டி அகற்றுமுன்னரே நகலாக்கம் அவ்விடத்தை அடைந்துவிட்டால் யாது நிகழும்? நகலெடுக்கும் பொறி அங்கே தடைப்பட்டு, இடைவெளி விட்டே அப்பால் செல்கிறது என்பதை 1968இல் ரப், ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். வெறுமையாய் நிற்கும் ஒற்றை இழைமீது ரெக்ஏ என்னும் புரதம் வரிசையாகப் படிகிறது. அது உடன்பிறந்த இழையின் துணைகொண்டு இடைவெளியை நிரப்ப உதவுகிறது. மற்றொருபுறம், லெக்ஸ்ஏ என்னும் அடக்கிப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளத் தூண்டுகிறது. அடக்கி நீங்கியதும் நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றுள் ஒன்று உயிரணுப் பிரிவை நிறுத்துகிறது. விட்கின் கண்ட இழைகளின் காரணம் இதுவே.

தொடர்பற்றவைபோல் தோன்றிய இவ்விளைவுகள் ஒரே ஆணைக்கு உட்பட்டவை என விட்கினும் மிரோஸ்லாவ் ராட்மனும் கருதினர். கடலில் தவிக்கும் கப்பலின் அபாயக் குறியை நினைந்து, ராட்மன் இதற்கு 'எஸ்.ஓ.எஸ். துலங்கல்' என்று பெயரிட்டார்.

இம்மீட்புக்கு ஒரு விலையுண்டு. வேறு வழியில்லாத நிலையில் பாக்டீரியா, சிதைவின்மேலும் நகலெடுக்க வல்ல ஐந்தாம் பாலிமரேஸ் என்னும் நொதியை ஏவுகிறது. அது தடையைக் கடக்கிறது. ஆனால் பிழைகளை விதைக்கிறது. மடிவதினும் பிழையோடு வாழ்தல் மேல் என்பதே நுண்ணுயிரின் கணக்கு. இக்கணக்கு மருத்துவமனை வரை நீள்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிதைத்து அதனைக் கொல்கின்றன, அச்சிதைவே எஸ்.ஓ.எஸ். துலங்கலையும் எழுப்புகிறது. லெக்ஸ்ஏ வெட்டுப்படாமல் தடுத்தால் மருந்தெதிர்ப்பு தோன்றுவது வெகுவாகக் குறைவதை, எலிகளில் நிகழ்த்திய சோதனை 2005இல் காட்டியது. கொல்ல வந்த மருந்தே பிழைக்கும் வழியையும் திறந்துவிடக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

விட்கினுக்கு லாஸ்கர் விருது 2015இல், அவருடைய 94ஆம் வயதில் கிட்டியது. தம் 102ஆம் வயதில், 2023இல் அவர் மறைந்தார். நம் ஆய்வுக்கூடங்களில் எதிர்பார்த்த விடை வாராதபோது, பாடநூலின் விடையை எழுதிவைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. மாணவர் கண்டதை அவ்வாறே எழுதட்டும். அது ஏன் அவ்வாறாயிற்று என ஆசிரியர் வினவட்டும். அந்நான்கு காலனிகளும் அன்று கேட்டது அவ்வினாவைத்தான்.