எழுத்துக்குத் துணைநின்ற கத்தி

கத்தி என்றவுடன் போரும் பகையும் நம் நினைவில் எழுதல் இயல்பு. ஆயினும் மடியிலும் சட்டைப்பையிலும் அடங்கும் சிறு கத்தியின் வரலாறு, எழுத்தின் வரலாற்றோடு பிணைந்து கிடக்கின்றது. மேலைநாட்டார் பறவையின் இறகால் எழுதிய காலத்தில், அதன் முனையைச் சீவுதற்கென ஒரு சிறு கத்தியை உடன் வைத்திருந்தனர். பேனாக் கத்தி என்னும் பெயர் அங்ஙனம் வந்ததே. நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். அவர்களுக்கும் ஒரு கத்தி வேண்டியிருந்தது.

ஓலையின் நடுநரம்பை நீக்கி, ஓரங்களை வாரி, அளவாக நறுக்கிய பின்னரே அதில் எழுத்தாணியை ஓட்டலாம். ஆகவே கத்தியையும் எழுத்தாணியையும் ஒரே கருவியாக இணைத்தனர். ஒரு முனையில் ஓலை வாரும் கத்தியும் மறுமுனையில் எழுத்தாணியும் உடையது வாரெழுத்தாணி. பிடிக்குள்ளே மடங்கி அடங்குவது மடக்கெழுத்தாணி. தலை பருத்துக் கனத்திருப்பது குண்டெழுத்தாணி. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம்முடைய ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இவற்றைப் பற்றிக் கூறியுள்ளார். மடக்கும் கத்தியின் உயிர் ஓர் ஆணியிலே தங்கியிருக்கின்றது. ஆணி நெகிழ்ந்தால் அலகு ஆடும், இறுகினால் திறவாது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கொல்லனின் கை மட்டுமே அறியும்.

இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கண்டி இராசதானியின் ‘பிஹா கெத்த’ என்னும் கத்தியை நோக்குக. வெள்ளியும் பித்தளையும் பதித்து, கொடிவேலை செதுக்கிய அக்கத்திகள் அரசனின் பட்டறைகளில் உருவாயின. அவற்றுட் சிலவற்றின் உறையில் கத்தியோடு எழுத்தாணியும் செருகப்பட்டிருக்கும். சிங்களவரும் தமிழரும் ஓலையில் எழுதியவர்களே. ஆதலின் இரு சாராரின் இடுப்பிலும் கத்தியும் எழுத்தாணியும் கூடியே இருந்தன.

இனி, அலகின் உள்ளீடாகிய உருக்கைப் பற்றிச் சிறிது கூறுவோம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்குச் செய்யும் முறை ஒன்று இருந்தது. இரும்புத் துண்டுகளோடு ஆவாரை விறகுத் துணுக்குகளை மண் மூசையில் இட்டு, சிலவிடங்களில் எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சுவர். விறகிலுள்ள காபன் இரும்பிற் கலந்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்காகச் சேரும்போது, இரும்பு உருகிக் கட்டியாக உறையும். கன்னடத்தில் உக்கு என வழங்கும் சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ எனத் திரிந்தது என்பர்.

1795ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இவ்வுருக்கைப் பற்றி இலண்டன் றோயல் கழகத்துக்கு ஒரு கட்டுரை அளித்தார். அவர் வேண்டுகோட்படி ஸ்டோடாட் என்னும் கருவித் தொழிலாளர் அதிலிருந்து செய்து பார்த்தது வாளன்று, ஒரு பேனாக் கத்தியே! இருளில் மட்டும் புலப்படும் மங்கிய செஞ்சூட்டில் வைத்தே அதனை அடிக்கவேண்டியிருந்தது. சூடு மிகின் இவ்வுருக்கு சம்மட்டியின் கீழ் நொறுங்கிவிடும். அருமுயற்சியின் பின் உருவான கத்தி, அந்நாட்டின் சிறந்த உருக்குக் கத்திக்கு இணையாக வெட்டியது. பின்னர் இதே ஸ்டோடாட்டும் மைக்கேல் பரடேயும் கூடி உருக்குப் பற்றிய ஆய்வுகளை நடத்தி, 1820இலும் 1822இலும் வெளியிட்டனர். நம் ஊர்க் கொல்லர் வழிவழியாகக் கையால் அறிந்திருந்ததை, ஆய்வுகூடம் அப்போதுதான் அறியத் தொடங்கியது.

இலங்கையின் உருக்கு அதற்கும் பன்னூற்றாண்டு முற்பட்டது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் சரந்தீபத்தின் பெயரையும் குறித்துள்ளார். சமனலவெவப் பகுதியில் ஜில்லியன் ஜூலெவ் அம்மையார் அகழ்ந்தாய்ந்த உலைகள் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்தவை. சோளகக் காற்றே அவற்றுக்குத் துருத்தி! 1994இல் அத்தகைய உலையை மீளக் கட்டி எரித்தபோது, காபன் மிகுந்த உருக்கு அதிற் கிடைத்தது. அம்முடிவு 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

இத்துணைச் சிறந்த தொழில் ஏன் மறைந்தது? 19ஆம் நூற்றாண்டில் மலிவான அந்நிய உருக்கு வந்து குவிந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலைப் பதிவு செய்தபோது, அது அணையும் விளக்காகவே இருந்தது. எழுத்தாணிக்கு அச்சு எமனாயிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். ஏட்டுச்சுவடிகளை அழியாது காத்த அவ்வச்சே எழுத்தாணியின் வேலையையும் முடித்துவைத்தது.

நேயர்களே, இன்று பழங்கத்திகளைச் சேர்க்கும் ஆர்வம் வளர்ந்து வருகின்றது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மினுக்கத்துக்காக அலகைச் சாணையில் தேய்ப்போர், கொல்லனின் சம்மட்டித் தழும்பையும் தோய்ச்சலின் அடையாளத்தையும் ஒருங்கே அழிக்கின்றனர். துருவை மெல்லத் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசினாற் போதும். உறையைப் பிரித்தலாகாது. எந்த ஊரில், எவர் கையில் இருந்தது என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். ஊரும் பேரும் அற்ற கத்தி வெறும் இரும்பு. அவை அறியப்பட்ட கத்தி ஒரு சாசனம்.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, மீளக் கிடையாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. எஞ்சிய ஏடுகளைப் பேணுதல் எத்துணைக் கடமையோ, அத்துணைக் கடமை அவற்றை எழுதிய கருவிகளைப் பேணுதலும். பரணிலும் பழைய பெட்டியடியிலும் கிடக்கும் மடக்கெழுத்தாணியைப் பழைய இரும்பு வாங்குவோனிடம் எடைக்கு விற்குமுன், அதனை ஒருமுறை திறந்து பாருங்கள். ஓலையை வாரிய கத்தியும் அதில் எழுத்துப் பொறித்த ஊசியும் அங்கே ஒரே பிடியில் உறங்கிக் கிடக்கும்.