செவ்வாய் சென்ற இயங்குதளம்

நாற்றங்காலில் வளர்ந்த பயிரைப் பறித்து வேறொரு வயலில் நடுவது நம் உழவர்க்குப் பழகிய தொழில். நட்ட பயிர் புது மண்ணில் வேர்கொள்ள வேண்டுமாயின், அம்மண்ணின் இயல்பறிந்து சேற்றைப் பதப்படுத்துதல் வேண்டும். அளவறிந்து நீர் பாய்ச்சுதல் வேண்டும். உழவன் இவற்றையெல்லாம் கருத்துடன் செய்கிறான். ஆனால் நாற்றுக்கட்டின் உள்ளே என்னென்ன மறைந்து வந்திருக்கின்றன என்பதைச் சில நாட்கள் கழித்தே வயல் அவனுக்குக் காட்டுகிறது. கணிப்பொறித் துறையிலும் இத்தகைய நடவு ஒன்று உண்டு. அதனால் 1997 ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளில் நேர்ந்த ஒரு நெருக்கடியின் வரலாற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

கணிப்பொறியின் மூளையாக விளங்குவது செயலி. அதன் மேலிருந்து, எந்தப் பணி எப்பொழுது நடைபெற வேண்டும் என்று முறை வகுத்துத் தருவது இயங்குதளம். சில பணிகள் சரியாக முடிந்தால் மட்டும் போதா. குறித்த நேரத்திற்குள்ளும் முடிய வேண்டும். விண்கலம் தரையிறங்கும்போது வான்குடை ஒரு நொடி பிந்தி விரிந்தால், அது விரியாததற்கே ஒப்பாகும். இவ்வாறு நேரத்தையே உயிராகக் கொண்ட இயங்குதளத்தை நிகழ்நேர இயங்குதளம் என்பர்.

அத்தகையவற்றுள் ஒன்று விஎக்ஸ்ஒர்க்ஸ். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், ஜெரி ஃபிட்லர், டேவிட் வில்னர் என்னும் இருவர் தொடங்கிய விண்ட் ரிவர் நிறுவனம் 1980களில் இதனை ஆக்கியது. முதலில் இது மோட்டோரோலா 68000 குடும்பத்துச் செயலிகளின்மேல் வளர்ந்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் செவ்வாய்க்கு அனுப்பவிருந்த பாத்ஃபைண்டர் கலத்திற்கோ வேறொரு செயலி தேர்ந்தெடுக்கப்பட்டது. அது ஐ.பி.எம். நிறுவனத்தின் செயலி ஒன்றை விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குமாறு உரமேற்றிச் செய்த ராட் 6000. ஆகவே விஎக்ஸ்ஒர்க்ஸ் அப்புதிய நிலத்திற்குப் பெயர்த்து நடப்பட்டது.

இப்பெயர்ப்பு எத்தகையது? இரு செயலிகளும் பேசும் கட்டளை மொழிகள் வேறு வேறு. 68000 செயலியில் பொதுப் பதிவகங்கள் 16. புதியதிலோ 32, அவற்றோடு பின்ன எண்களுக்கெனத் தனியே 32. ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும் போதெல்லாம், நிறுத்தப்பட்ட பணியின் நிலை முழுவதையும் ஒன்று விடாமல் சேமித்து வைத்து, பின்னர் மீட்டுத் தருதல் வேண்டும். வெளியிலிருந்து ஓர் அவசர அழைப்பு வந்தால், பழைய செயலி தான் விட்ட இடத்தை நினைவகத்தின் அடுக்கிலே எழுதி வைக்கும். புதிய செயலியோ அதற்கெனவுள்ள தனிப் பதிவகங்களிலே குறித்து வைக்கும். ஆதலின் பணி மாற்றம், அவசர அழைப்பு, கடிகாரத் துடிப்பு ஆகிய அடிப்படைப் பகுதிகளைப் புதிதாக எழுதியே தீர வேண்டும். எஞ்சிய பெரும்பகுதி சி என்னும் உயர்நிலை மொழியில் இருப்பதால், அதனைப் புதுச் செயலிக்கென மறுபடி தொகுத்தாலே போதும்.

புதிதாக எழுதிய பகுதியின்மீது எல்லோருடைய கண்ணும் இருக்கும். அது பன்முறை சோதிக்கப்படும். மாறாமல் வந்த பகுதியையோ, 'இது முன்பே நன்கு ஓடியதுதானே' என்று நம்பி விடுகிறோம். பாத்ஃபைண்டருக்கு இடையூறு வந்தது அந்தப் பகுதியிலிருந்துதான்.

1996 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் தேதி புறப்பட்ட அக்கலம், 1997 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் தேதி செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்னும் சிறு ஊர்தி மண்ணில் இறங்கி உலவியது, படங்கள் வந்தன, உலகம் மகிழ்ந்தது. சில நாட்களில் கலத்தின் கணிப்பொறி தன்னைத் தானே நிறுத்தி, மீண்டும் தொடங்கத் தலைப்பட்டது. ஒரு முறையன்று, பல முறை. திரட்டிய செய்திகள் அழியவில்லை எனினும், ஒவ்வொரு முறையும் அன்றைக்கு வகுத்த எஞ்சிய வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப் போயின. கலமோ ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். இங்கிருந்து சொல்லும் ஒரு சொல் அங்கே சென்று சேரவே 10 நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஆளனுப்பிப் பழுது பார்க்க இயலாத இடம் அது.

நிகழ்ந்தது யாதென ஓர் உவமையால் விளங்கிக் கொள்வோம். ஊர்க் கிணற்றிலே ஒரே கயிறுதான் உண்டு. எளியவன் ஒருவன் அதனைப் பிடித்து நீர் இறைக்கத் தொடங்குகிறான். அவ்வேளையில் அரண்மனைக்கு அவசரமாக நீர் கொண்டு செல்ல வேண்டிய ஏவலன் வருகிறான். கயிறு எளியவன் கையில் இருப்பதால் ஏவலன் காத்து நிற்கிறான். இதற்குள் இடைத்தரத்தார் பலர் வந்து, தத்தம் வேலைகளைச் செய்யுமாறு எளியவனை இறைக்க விடாமல் இழுத்துச் செல்கின்றனர். எளியவன் இறைத்து முடித்தால் அன்றோ கயிறு ஏவலனுக்குக் கிடைக்கும்? உயர்ந்தவன் தன்னிலும் தாழ்ந்தோர்க்குக் காத்திருக்க நேர்கிறது. இதனை முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்பர்.

பாத்ஃபைண்டரில் எளியவனாக இருந்தது வானிலைச் செய்திகளைத் திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி. ஏவலனாக இருந்தது, கலத்தின் கருவிகளிடமிருந்து வந்த செய்திகளைப் பங்கிட்டுத் தரும் உயர்ந்த பணி. கயிறாக இருந்தது, ஒரு நேரத்தில் ஒரு பணியே கைக்கொள்ளத்தக்க ஒரு மென்பொருள் பூட்டு. நொடிக்கு 8 முறை சுழலும் ஒழுங்கிலே பங்கீட்டுப் பணி முடிவடைந்ததா என்று அதனினும் உயர்ந்த மற்றொரு பணி பார்க்கும். முடியவில்லை என்று கண்டதும், பெருங்கேடு நேர்ந்ததாகக் கருதி அமைப்பு முழுவதையும் மீண்டும் தொடங்கச் செய்தது.

இந்நோயும் புதியதன்று, மருந்தும் புதியதன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் லாம்ப்சன், ரெடெல் ஆகியோர் 1980 ஆம் ஆண்டிலேயே இதனைக் குறிப்பிட்டிருந்தனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூயி ஷா, ராஜ்குமார், லெஹோக்ஸ்கி ஆகிய மூவர் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை அதற்குரிய தீர்வுகளைக் கணித முறைப்படி நிறுவியது. இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்றவர் என்பது நமக்கு உவகை தருவதாகும். தீர்வு எளியது: கயிற்றைப் பிடித்திருக்கும் வரையில், காத்திருக்கும் ஏவலனின் தகுதியை எளியவனுக்கும் அளித்துவிடுக, இடையில் எவரும் அவனை இழுத்துச் செல்ல முடியாது.

விஎக்ஸ்ஒர்க்ஸில் இவ்வசதி இருந்தது. ஆயின் அந்தக் குறிப்பிட்ட பூட்டில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது அறியாமையால் நேர்ந்ததன்று. விரைவைக் கருதிச் செய்த ஏற்பாடு. பிற இடங்களில் அது நன்மையே செய்திருக்கலாம். செவ்வாயில் எதிர்பார்த்ததற்கும் மேலாகச் செய்திகள் பெருகிப் பணிச்சுமை கூடியபோதுதான் அது தீங்காயிற்று. புறப்படுவதற்கு முன் நடந்த சோதனைகளிலும் இக்கோளாறு தலைகாட்டியதுண்டு. மீண்டும் தோன்றச் செய்ய முடியாமையாலும், தரையிறங்கும் கட்டத்திலேயே கருத்தெல்லாம் குவிந்திருந்தமையாலும் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

கிளென் ரீவ்ஸ் தலைமையில் இருந்த மென்பொருட் குழுவினர், கலத்திலிருந்த அமைப்பின் மறுபடியைப் பூமியில் இயக்கி, அதே நோயை அங்கும் தோன்றச் செய்தனர். சோதனைக் காலத்தில் பயன்பட்ட பதிவுக் கருவிகளைக் களையாமல் கலத்தோடு அனுப்பியிருந்தமையால், எப்பணி எப்பொழுது ஓடிற்று என்னும் வரலாறு அவர்கள் கைக்குக் கிட்டியது. காரணம் தெளிந்ததும் ஒரு மதிப்பை மாற்றுவதே மருந்தாயிற்று. எனினும் அவர்கள் விரைந்துவிடவில்லை. அம்மாற்றம் அதே வகையைச் சேர்ந்த மற்றைப் பூட்டுகளையும் தொடும் என்பதால், அதனால் வேறு கேடு விளையுமோ என்று ஆராய்ந்த பின்னரே திருத்தத்தை விண்ணுக்கு அனுப்பினர். அந்நோய் தீர்ந்தது. முப்பது நாள் வாழும் என்று மதிப்பிடப்பட்ட நிலையம், 1997 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் தேதி வரையில் பூமியோடு பேசி, 16,500க்கும் மேற்பட்ட படங்களை அளித்தது.

2004 ஆம் ஆண்டில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் அதே செயலியோடும் அதே இயங்குதளத்தோடும் செவ்வாயில் இறங்கின. 2012 ஆம் ஆண்டில் இறங்கிய கியூரியாசிட்டியில் செயலி மாறி ராட் 750 ஆயிற்று. இயங்குதளம் அங்கும் விஎக்ஸ்ஒர்க்ஸ்தான். செயலிகள் இனியும் மாறும், நடவும் தொடரும். புது மண்ணுக்கென நாம் ஆக்கியவற்றைச் சோதிப்பது போலவே, பழைய வயலிலிருந்து கேள்வியின்றி உடன் வந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அதையும் மீறிப் பிழை நேருமாயின், கண்டறிவதற்குரிய விளக்கையும் கலத்தோடு அனுப்பி வைத்தல் வேண்டும். பாத்ஃபைண்டரைக் காத்தது அந்த முன்யோசனையே.